ஆறுமுகம் பேசிவிட்டான்

எக்கோ (ஒலி அலைகளால் இதயம் வேலை செய்வதைப் பார்க்கும் சோதனை) எடுப்பதற்காக என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். கூரையின் குழல்விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஐந்தாவது விளக்கின் கீழே என் மனைவியின் தம்பி ஆறுமுகம் நின்றிருந்தான். கையில் ஓர் அப்பளக் கட்டு.

"அத்தான், எப்படி இருக்கீய?" என்று கேட்டான்.

நான் பிழைக்கமாட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. ஆறுமுகம் என்னோடு பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

தப்பு என்னுடையதுதான். அவன் கல்யாணத்தில் வாழ்த்துத் தந்திகளை மேடையேறி வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊருக்கே தெரியும், தெரிந்தும் கொடுத்தார்கள். நடுவில் நானாக ஒரு தந்தியைச் சேர்த்தேன். முன்பு அவனைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன பெண் அனுப்பியதாக: "தப்பித்தேன். வாழ்த்துகள்." பந்தலே சிரித்தது. மணப்பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அன்று மூடிய வாயை இந்தத் தாழ்வாரத்தில்தான் திறக்கிறான்.

நான் மருத்துவமனையில் கிடந்தது தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் தட்டச்சுப் பயிலகம் நடத்திக்கொண்டிருந்தேன். எட்டு மெஷின்கள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே யார் எந்த எழுத்தை விட்டார்கள் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அந்தத் திறமைதான் பின்னால் என் உயிரை வாங்கியது.

முதல் அறிகுறி நெஞ்சில் வரவில்லை, தாடையில் வந்தது. இடது பக்கக் கடைவாயில் இழுத்துப் பிடித்தது போல ஒரு வலி. பல் என்று நினைத்துச் சைக்கிளை மிதித்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. என் நெற்றி வியர்வையைத்தான் பார்த்தார். அடுத்த நிமிடம் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வலி தாடையிலோ தோளிலோ வந்து, கூடவே குளிர்ந்து வியர்த்தால், சைக்கிளைத் தொடாதீர்கள்.

மாரடைப்பு என்றார்கள். இதயத் தசைக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நேரத்தோடு போட்டுவிட்டார்கள். "சின்னதுதான் சார், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். இளைஞர். வார்டில் இருந்த எல்லாரிடமும் அவர் அதையே சொன்னார் என்பதைக் கவனித்துவைத்துக்கொண்டேன். எங்கள் வரிசையில் பெரியது யாருக்குமே இல்லை.

ஆறுமுகம் கொண்டுவந்த அப்பளத்தை நர்ஸ் பிடுங்கிக்கொண்டு போனார். எனக்கு உப்பு ஆகாது. அவனுக்குக் கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம், அவனுக்கு வேறு என்ன கொண்டுவரத் தெரியும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் மட்டும் வேறுவிதமாக யோசித்தேன்: போகப்போகிறவனுக்கு உப்பு என்ன செய்யும் என்றுதான் கொண்டுவந்திருக்கிறான்.

வீடு திரும்பும் நாளில் டாக்டர் என் மனைவி கோமதியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஐந்து நிமிடம். வெளியே வந்தவள் கண்ணைத் துடைத்திருந்தாள்.

"என்னட்டி சொன்னாரு?"

"மாத்திரைய நேரத்துக்குச் சாப்பிடணும்னு சொன்னாரு."

"அதச் சொல்ல அஞ்சு நிமிசமா?"

"பைய நடங்க, ஆட்டோ நிக்கி" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்காக இருபது வருடம் என்னைக் கரித்துக்கொட்டியவள், இப்போது துண்டைத் தானே எடுத்துக் கொடியில் போட்டாள். சோதித்துப் பார்க்க மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாள் தலையணை மேலேயே போட்டேன். "வச்சிருங்க, நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள். பயந்துபோய் நானே எடுத்துக் கொடியில் போட்டேன்.

ஆறுமுகம் ஞாயிறு தவறாமல் வந்தான். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, "அத்தான், தூக்கம் வருதா? வயித்துக்குப் போகுதா?" என்று கேட்டுவிட்டு, வேறு பேச்சு கிடைக்காமல் காலண்டரைப் பார்ப்பான். காப்பியைக் குடித்துவிட்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விடுவான். சாகப்போகிறவனைப் பார்க்க வருகிறவர்கள் இப்படித்தான் காலண்டரைப் பார்ப்பார்கள்.

அடுத்த தொல்லை என் காது. பயிலகத்துக்குத் திரும்பிய பிறகு எட்டு மெஷின்களுக்கு நடுவே ஒன்பதாவதாக என் நெஞ்சும் தட்டுவது கேட்டது. நன்றாகத் தட்டிக்கொண்டே வரும். திடீரென்று ஓர் எழுத்து விட்டுப்போகும். உடனே ஆட்டோ, டாக்டர், ஈசிஜி. ஒரே மாதத்தில் நான்கு தடவை போனேன். "இது எக்டோபிக் துடிப்பு (முறை வருவதற்கு முன்பே முந்திக்கொண்டு விழும் துடிப்பு). அதுக்குப் பின்னால ஒரு சின்ன இடைவெளி வரும். எல்லாருக்கும் வாரதுதான். நீங்கதான் உட்கார்ந்து கேக்கீங்க" என்றார் டாக்டர். எல்லாருக்கும் வருவது என்றால் மற்றவர்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். டாக்டர் சிரித்தால் நல்லதா கெட்டதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நடக்கச் சொன்னார். முதல் வாரம் வாசலிலிருந்து இரண்டு மின்கம்பம். பிறகு நான்கு. கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவேன். விழுந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. சித்திரை வெயிலில் ஒருநாள் மயக்கம் வந்து, சேர்த்துவைத்த கம்பங்களையெல்லாம் இழந்து மறுபடியும் இரண்டிலிருந்து ஆரம்பித்தேன். மாத்திரையின் அளவு கூடிவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள். அந்தக் கோடை முழுக்க ஏறுவதும் சறுக்குவதுமாகப் போனது. தைரியம் வந்தால் உடம்பு ஒத்துழைக்காது. உடம்பு தேறினால் தைரியம் ஓடிவிடும். ஆடியில் சைக்கிள். ஆவணியில் குறுக்குத்துறையில் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீர். புரட்டாசியில் நீச்சல்.

ஆற்றில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. தண்ணீருக்குள் காது அடைத்துவிடும். நெஞ்சு சத்தம் கேட்காது.

அங்கே குளிக்கவரும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் அந்த வருடம் ஒரு கிறுக்கு வேலையைத் தொடங்கினார். கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் நீச்சல், அங்கிருந்து அம்பாசமுத்திரம் தாண்டிச் சைக்கிளில் போய்த் திரும்பி, கடைசியில் ஊர்த் தெருக்களைச் சுற்றி ஓட்டம். டிரையத்லான் என்று அதற்குப் பெயர் சொன்னார். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு. மாசியில் போட்டி.

நான் ஒரு பொறி வைத்தேன். டாக்டரிடம் அனுமதி கேட்பது. வேண்டாம் என்றால், காப்பாற்ற வேண்டிய உயிர் என்னிடம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

டிரெட்மில்லில் (ஓடும் பட்டையின் மேல் நடக்கவிட்டு இதயத் துடிப்பைத் தாளில் பதியும் சோதனை) ஏற்றினார். தாளைப் பார்த்தார். "போங்க சார். முந்தணும்னு நினைக்கக்கூடாது. வலி வந்தா உடனே நிறுத்திரணும். கூட ஒரு ஆள் வரணும்" என்றார்.

கோமதியிடம் சொன்னேன். குற்றால அருவியில் தலையைக் கொடுக்கவே என்னை விடாதவள், "போயிட்டு வாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகம், "நான் சைக்கிள்ல பின்னாலயே வாரேன் அத்தான்" என்றான்.

மூன்று பேரும் சரி என்கிறார்கள். தூக்குமேடைக்குப் போகிறவனிடம் என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்பார்களாமே, அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் பெயர் கொடுத்தாகிவிட்டது. பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். ஊர் சிரிப்பதற்கு நான்தான் காரணம் கொடுக்க வேண்டும், ஊர் தானாகச் சிரிக்கக்கூடாது.

மாசிக் காலையில் ஆறு குளிர்ந்திருந்தது. நீச்சலில் கடைசிக்கு முந்தியவனாகக் கரையேறினேன். நான் நீந்திய தூரம் முழுக்க ஆறுமுகம் துண்டோடு கரையிலேயே கூட நடந்து வந்திருந்தான். அதை மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் பார்த்தேன். சும்மா யாரும் இப்படிப் பார்த்துக்கொள்வதில்லை.

சைக்கிளில் அம்பாசமுத்திரம் தாண்டி வயல்வெளிக்கு வந்தபோது அது நடந்தது. மலை எதிரே நின்றது. முன்னால் போனவர்கள் கண்ணில் படவில்லை. நெஞ்சில் ஓர் எழுத்து விட்டுப்போனது. பிறகு இன்னொன்று. கை சில்லிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்தேன். ஆறுமுகம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"வலிக்கா அத்தான்? தாடை? கை?"

வலி இல்லை. யோசித்துப் பார்த்தால் வலியே இல்லை. அப்போதுதான் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"மாப்ள, உள்ளதச் சொல்லு. எத்தன நாள் குடுத்திருக்காரு?"

"யாரு?"

"டாக்டர்! கதவச் சாத்திக்கிட்டு ஒங்க அக்காட்ட என்ன சொன்னாரு?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நெஞ்சு தேறிட்டு வருது, பயந்தான் பெருசா இருக்குன்னு சொன்னாரு. அத மூஞ்சிக்கு நேரா சொன்னா ஒங்களுக்கு ஏறாது, தானா தெரிஞ்சிக்கிடட்டும், அதுவரைக்கும் வீட்டுல சத்தம் போடாதீங்கன்னாரு."

"பெறகு நீ ஏம்ல பேசுன? பதினோரு வருசம் பேசாதவன்?"

ஆறுமுகம் பக்கத்தில் உட்கார்ந்தான். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மொத நாளு, ரெண்டு நாள் போனாத்தான் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அக்கா பூத்துலருந்து போன் பண்ணி அழுதா. ஒரு வார்த்த பேசிருலேன்னா. சாகக் கெடக்க மனுசன்ட்ட என்ன வீம்புன்னு வந்தேன். பேசுனேன்." என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீங்க சாகல."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன அதுக்கு? பேசியாச்சி. பாதியில எப்படி நிறுத்த? நீங்க நல்லா ஆயிட்டியன்னு தெரிஞ்சா விட்டுரலாம்னு பாக்கேன், பதினாலு மாசமா ஆக மாட்டேங்கியளே! ஞாயித்துக்கெழம ஆனா எனக்கு ஒங்க வீட்டு காலண்டரு மனப்பாடம்."

நான் சிரிக்கத் தொடங்கினேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, நாடியைப் பிடித்துப் பார்த்தான்.

சிரிப்பு அடங்கியதும், "மாப்ள, அந்தத் தந்திய நான் வாசிச்சிருக்கக்கூடாது" என்றேன். இத்தனை வருடத்தில் அதை நான் சொன்னதே இல்லை.

"இப்ப அதப் பேசாதீய. நல்லாயிட்டு வாங்க, அதுக்கு இருக்கு" என்றான். "ஏறுங்க சைக்கிள்ல."

ஏறினேன். பின்னாலிருந்து அவன் விரட்டிக்கொண்டே வந்தான். நான் முடிப்பதில் என்னைவிட அவனுக்குத்தான் அவசரம் அதிகம்.

ஓட்டம் தொடங்கும் இடத்தில் சைக்கிளைப் போட்டேன். கடைசிச் சுற்று அவன் தெரு வழியாகத்தான். "தெருவுல அப்பளம் காயுது. நீங்க பைய வாங்க, நான் முன்னால போயி ஒதுக்கிவைக்கேன்" என்று சைக்கிளில் பறந்தான்.

நான் பைய ஓடவில்லை. ஏன் என்று தெரியவில்லை, கால் போனது. துடிப்பு காதில் கேட்டது, ஓடுகிறவனின் துடிப்பு. நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனது. போகட்டும் என்று அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது.

தெருமுனையில் திரும்பியபோது அப்பளம் காயும் துணிகளில் பாதியைத்தான் ஆறுமுகம் இழுத்திருந்தான். எனக்கு எதிரே வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். நிறுத்த முடியவில்லை. இரண்டு கால்களும் நடுத் துணியில் இறங்கின. காய்ந்த அப்பளம் நொறுங்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

"ஏய்! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று ஆறுமுகம் கத்தினான். "இவ்வளவு சீக்கிரம் வருவீருன்னு யாருவே கண்டா? எருமமாடு மாதிரி மிதிக்கீரே! அன்னைக்குப் பந்தல்ல என் மானத்த வாங்குனீரு, இன்னைக்கு அப்பளத்த மிதிக்கீரு! உம்மயெல்லாம் நம்பி எங்கக்காவக் குடுத்தோமே!"

பதினாலு மாதத்தில் என்னை ஒருவர் திட்டுவது அதுதான் முதல் முறை. சாகப்போகிறவனை யாரும் இப்படித் திட்டுவதில்லை. ஈசிஜி தாளில், எக்கோவில், டிரெட்மில்லில் எனக்குக் கிடைக்காத நம்பிக்கை அந்த வசவில் கிடைத்தது. அப்பளத் தூள் ஒட்டிய காலோடு போய் முடிவுக் கோட்டைத் தொட்டேன். எங்கள் பிரிவில் கடைசி ஆள். கோமதி அங்கே நின்றிருந்தாள். என் கழுத்தில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு, "இதக் கட்டில்ல போட்டுப் பாருங்க இனிமே" என்றாள்.

இந்த நோய் வந்தவர்களின் வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரை கொடுங்கள், உப்பைக் குறையுங்கள், கூட நடங்கள். ஆனால் எப்போதும்போலத் திட்டுங்கள். உங்கள் கனிவைப் பார்த்துத்தான் நாங்கள் பயப்படுகிறோம்.

உடம்பைப் பற்றி முன்பு எனக்கு ஒரு நினைப்பும் இருந்ததில்லை. பிறகு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் இருந்தது. இப்போது அது என் பயிலகத்துப் பிள்ளை மாதிரி. விட்ட எழுத்து கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. காலத்தையும் நான் வருடமாக எண்ணுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை, அதிலிருந்து அடுத்ததுவரை ஒரு நீளம்.

மாசிக்குப் பிறகு ஆறுமுகம் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. ஆனால் பரிசோதனை நாளன்று மட்டும் முதல் பஸ் பிடித்து வந்து, அதே தாழ்வாரத்தில் ஐந்தாவது விளக்கின் கீழே கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். உள்ளே போகும்போது அவன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

அவன் வாயைத் திறக்காதவரை எனக்குப் பயமில்லை.