அக்காவுக்குப் பின்னால் முதல் கியரில்

என் அக்கா நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் குடும்பத்துக்கே நிம்மதி என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் நாலு நாள் இல்லை, பதினோரு மாதம் என்னோடு பேசாமல் இருந்து காட்டினாள். அதற்குப் பிறகு அப்படி விளையாட்டுக்குக்கூட நான் சொல்வதில்லை.

அக்காவுக்கு ஐம்பது வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. தரைத்தளத்துக்குக் கீழே ஜன்னலே இல்லாத கூடம் அது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துவைக்கிற இயந்திரங்கள், மறுபக்கம் படுக்கை விரிப்புகளை நீராவியில் தேய்த்துத் தள்ளும் நீளமான உருளை. வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து, நுனியோடு நுனி சேர்த்து, நடந்து வந்து மடிக்க வேண்டும். எதிரில் நிற்பவர் கொஞ்சம் கோணலாகப் பிடித்தாலும் அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிடும். சின்ன வயதில் வீட்டுப் போர்வை மடிக்க அவளுக்கு எதிரில் நின்றவன் நான்தான். "நுனியைச் சரியாப் பிடிடா" என்று திட்டு வாங்கியே ஆளானவன் நான்.

நாற்பத்தெட்டு வயதில் ஒருநாள் திடீரென்று மாரத்தான் ஓடப்போவதாகச் சொன்னாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகவே முனகுகிறவள்.

"உனக்கு என்ன கிறுக்கா?" என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு வருஷமா ஒரே இடத்துல நிக்கிறேன்டா. கொஞ்சம் நகர்ந்து பாக்குறேன், விடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. விடியற்காலையில் அவள் ஓடுவாள். பின்னால் மாமா, அதாவது அவள் கணவர், சைக்கிளில் தண்ணீர்ப் புட்டியும் வாழைப்பழமுமாகப் போவார். மாமா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். "மாப்ளே, அவ ஓடுற வேகத்துக்கு சைக்கிள் ஓட்டினா விழுந்துடுறேன்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நடுவழியில் வாழைப்பழத்தை அவரே சாப்பிட்டுவிட்டு மாட்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். மாரத்தான் அன்று டிப்போவிலிருந்து ஒரு பேருந்து ஓட்டத்தின் கடைசியில் போகும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, சரியாக ஆறரை மணி நேரத்தில், பதினொன்றரைக்கு முடிவுக் கோட்டை அடைய வேண்டும். அந்தப் பேருந்து யாரை முந்துகிறதோ அவர் ஓட்டத்திலிருந்து வெளியே. ஏறி உட்காரலாம், அல்லது நடைபாதையில் தன் பாட்டுக்குப் போகலாம்; ஆனால் பதக்கம் கிடையாது. பேருந்து வந்து சேரும்வரை கோடு திறந்திருக்கும், வந்ததும் மூடிவிடுவார்கள். ஓடுகிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பிண வண்டி. ஆறரை மணி நேரம் முதல் கியரிலேயே கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் செத்துவிடும் என்பதால் டிப்போவில் ஒருத்தனும் அதை ஓட்ட ஒத்துக்கொள்ள மாட்டான். நான் ஒருமுறை மேலாளரை எதிர்த்துப் பேசிவிட்டேன். அன்றிலிருந்து பிண வண்டி என் தலையில்தான்.

அக்கா ஓடிய முதல் வருடம் இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் அவளை நான் அள்ளிப் போட்டுக்கொண்டேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். புதுக் காலணியில் கொஞ்சம் சேறு பட்டுவிட்டதாம். வேறு யாராவது என்றால் துணியால் துடைத்திருப்பார்கள். சலவைக்கூடத்து மகாராணி துடைப்பாளா? ஓட்டத்துக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தில் போட்டுத் துவைத்து, விரிப்பு உலர்த்தும் சூட்டிலேயே உலர்த்திவிட்டாள். பசை உருகிப்போய், இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் அடிப்பகுதி வாயைப் பிளந்துவிட்டது. ஒரு கையில் காலணியோடு படியேறி, எனக்குப் பின்னால் உட்கார்ந்து, வழி நெடுக என் ஓட்டும் லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது வருடம்தான் வினை. அந்த வருடம் நன்றாகவே ஓடினாள். ஆனால் முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டது. பேருந்தின் முன்கண்ணாடிக்கு எதிரே, பத்தடி தூரத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். முந்தவேண்டியதுதான் பாக்கி. எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, மூடியைத் திறந்து, "இன்ஜின் சூடாயிடுச்சு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். ஜில்லென்று இருந்த இன்ஜினுக்குப் பதினோரு நிமிடம் தண்ணீர் ஊற்றினேன். அதற்குள் அவள் காலை உதறிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். அவள் கோட்டைத் தாண்டினாள், பின்னாலேயே நான் போய் நின்றேன். அந்த நிலையில் கடிகாரத்தையா பார்ப்பாள்? பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். குழந்தை மாதிரி அழுதாள். எனக்கும் ரொம்பப் பெருமையாக இருந்தது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருந்தேனா? மூன்று வாரம் கழித்து அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள். சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அக்கா புது உடுப்புக்கு மேல் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு, முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் தனக்கு எங்கிருந்தோ ஒரு பலம் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வாயில் சனி.

"பலமா? அது நான் ஊத்தின தண்ணி! பதினோரு நிமிஷம் ஊத்தினேன்!"

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன். அக்கா பதக்கத்தைக் கழற்றினாள். என் தட்டில் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினோரு நிமிடத்துக்குப் பதினோரு மாதம். வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு போடுவாள். பேச்சு மட்டும் மாமா வழியாகத்தான். "உங்க மச்சானுக்குக் குழம்பு வேணுமான்னு கேளுங்க." நான் ஒரு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன். மாமா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி வந்து தைலம் தேய்த்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். சண்டை போட்டுப் பார்த்தேன். "உனக்கு நல்லதுதானே செஞ்சேன், என்ன பெரிய குத்தம்?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். சுவராவது எதிரொலித்தது. உண்மையைச் சொன்னால், என்னைத் திட்டும் அவள் குரல் இல்லாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

பதக்கத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பேருந்தில் என் இருக்கைக்கு அடியில் போட்டுவைத்தேன். திருப்பத்தில் எல்லாம் கிலுங்கும்.

அக்கா ஓடுவதை மட்டும் விடவில்லை. முன்னைவிட மூர்க்கமாக ஓடினாள். அடுத்த ஓட்டம் நெருங்கியபோது நான் மாமாவின் கடைக்குப் போய், இந்த வருடம் பிண வண்டியை வேறு யாரையாவது ஓட்டச் சொல்லப்போகிறேன் என்றேன். மறுநாள் மாமா பதிலோடு வந்தார்.

"அவனே ஓட்டட்டும்னு சொல்றா. ஒழுங்கா ஓட்டத் தெரியுதான்னு பாக்கணுமாம்."

அவள் முடித்தால் நல்லது. முடிக்காவிட்டால்? நான் நிறுத்தினால் ஜென்மத்துக்கும் பேசமாட்டாள். நிறுத்தாமல் முந்தினால் மட்டும் கொஞ்சுவாளா?

போன வருடத்துத் தாமதம் காரணமாக இந்த முறை வண்டியில் எனக்குக் காவல் போட்டிருந்தார்கள். பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம், மடியில் வேக அட்டவணை, முகத்தில் பரீட்சை ஹால். "அஞ்சாவது கிலோமீட்டர்ல நாலு செகண்ட் முந்திட்டீங்க" என்றார். அம்மா, இது பேருந்து, ஊசி நூல் இல்லை என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

வழியில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். கால் பிடித்துக்கொண்ட வங்கி அதிகாரி ஒருத்தர். "நீங்கதான் வேகமா ஓட வச்சீங்க" என்று சண்டை போட்டுக்கொண்டே ஏறிய புதுக் கணவன் மனைவி. உடம்பு முழுக்க வியர்வையும் வலிநிவாரணித் தைலமுமாக வண்டியே நாறியது. அக்காவைக் காணவே காணோம். அதுவரை எனக்குச் சந்தோஷம்.

முப்பத்தேழில் தெரிந்தாள். தூரத்தில், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, அவளுக்கே உரிய வாத்து நடையில் ஓடிக்கொண்டிருந்தாள். நடைபாதையில் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேம்பாலம் ஏறும்போது எங்களுக்கு நடுவில் இருநூறு அடி. இறங்கும்போது நூறு. நாற்பதாவது கிலோமீட்டரில் அதே கால், அதே நொண்டல். வண்டியில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது; மாமா ஜன்னல் வழியாக வங்கி அதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தார்.

"டிரைவர், கூடப்பொறந்த அக்காவாமே! ஒரு பிரேக் போடக் கூடாதா?"

"கல்நெஞ்சுய்யா உங்களுக்கு" என்றாள் புது மனைவி.

"வாயை மூடிட்டு உக்காருங்க எல்லாரும்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நாற்பத்தொன்றைத் தாண்டினோம். அவள் முதுகு என் கண்ணாடிக்கு நேராக வந்தது. சட்டையை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்திருந்தாளோ, கை மடிப்பு இன்னும் கலையவில்லை. முடிவுக் கோட்டுக்கு இன்னும் அறுநூறு மீட்டர்தான். என் இடது கால் கிளட்சின் மேல் இருந்தது. கொஞ்சம் மிதித்தால் போதும், வண்டி பின்தங்கிவிடும். ஒருத்தருக்கும் தெரியாது.

அப்போது பக்கத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "டிரைவர்... இன்ஜின் ஏதாவது சூடா இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். கணக்கு டீச்சர் கடிகாரத்தைக் கைக்குட்டையால் மூடி வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இல்ல டீச்சர்," என்றேன். "ஜில்லுன்னு இருக்கு."

அக்கா திரும்பவில்லை. ஆனால் இன்ஜின் சத்தம் நெருங்கியதும் வலது கையை வெளியே நீட்டி, பின்னாலிருந்து முன்னால் வீசினாள். 'முந்திப் போ' என்று ஓட்டுநர்கள் காட்டும் கை. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பின்னால் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அவளைத் தாண்டியது. பக்கக் கண்ணாடியில் அவள் தடுமாறிக்கொண்டே நடைபாதையில் ஏறுவது தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் நான் அழுதுகொண்டிருந்தேன். இருபது வருடம் பேருந்து ஓட்டியதில் அப்படி ஒரு கேவலமான அறுநூறு மீட்டரை நான் ஓட்டியதில்லை.

பதினொன்றரைக்குச் சரியாகக் கோட்டில் நிறுத்தினேன். "நொடி பிசகல" என்றார் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மூடிவிட்டார்கள். தடுப்புகளை எடுத்தார்கள், மேடையைப் பிரித்தார்கள். சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த 'முடிவு' என்ற நீளமான துணியை அவிழ்த்து, தண்ணீர் சிந்திக் கிடந்த தரையில் போட்டார்கள். நான் இறங்கி வெயிலில் நின்றேன். ஆறு நிமிடம் கழித்து அக்கா வந்தாள். கைதட்ட ஆளில்லை, மாமா மட்டும் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். தரையில் கிடந்த துணிக்கு முன்னால் நின்றாள். அதை மிதிக்காமல், வலிக்கிற காலைக் கையால் தூக்கி, ஒரு எட்டு வைத்துத் தாண்டினாள்.

என்னைப் பார்க்கவில்லை. துணியைச் சுருட்ட வந்த ஆளைப் பார்த்தாள். அந்த ஆள் ஈரத்துணியைப் பந்து மாதிரி அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்படியா சுருட்டுவாங்க? நாறிப் போயிடும். விடுங்க!"

பிடுங்கி உதறினாள். நிற்கவே முடியாமல் ஆடினாள், ஆனாலும் ஒரு முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எதிர்முனை தரையில் கிடந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன். அவசரத்தில் துணி கோணிக்கொண்டது.

"நுனியைச் சரியாப் பிடிடா."

பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை. சரியாகப் பிடித்தேன். மடித்தோம், மறுபடி மடித்தோம், ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு எட்டு நெருங்கி, கடைசியில் நேருக்கு நேர் நின்றோம். வியர்வையும் தைலமுமாக நாறினாள். என் கையிலிருந்த நுனிகளை வாங்கிக்கொண்டு, கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தனை நிமிஷம் லேட்டு?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"ஆறு."

"போன வருஷம்?"

"பதினொண்ணு."

துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு சலவைக்கூடத்து உருளைச் சத்தத்தையும் மீறிப் பேசிப் பழகிய அந்தப் பெருங்குரலில், தெருவே திரும்பிப் பார்க்கும்படி மாமாவைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கேட்டீங்களா! அஞ்சு நிமிஷம் குறைச்சிருக்கேன்!"