பெரிய பெட்டியின் பச்சை விளக்கு

ஜெயசுதா ஏழாம் வகுப்போடு நின்றவள். வெள்ளிமலையில் உள்ள அந்த இணையச் சேவை மையத்தைக் கூட்டித் துடைக்க வந்து ஆறு வருடமாகிறது. வருகிறவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். பொருள்களைப் பார்ப்பாள். எந்த நாற்காலிக்குக் கால் ஆடுகிறது, எந்த மின்விசிறி எப்போது முனகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

சுவரில் இரண்டு ரவுட்டர்கள். பெரியது கேபிள் லைன். சின்னது, மாடிக் கம்பத்தில் ஆன்டெனா கட்டிப் பிடிக்கும் சிம் லைன். பொருத்த வந்த தங்கதுரை பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்: "பெரியவன் படுத்தா மூணே செகண்டுல சின்னவன் வேலைய எடுத்துக்குவான். பெரியவன் எந்திரிச்ச அடுத்த செகண்டே திரும்ப வாங்கிக்குவான்."

அன்று மலைப்பாதையில் எங்கோ பொக்லைன் தோண்டிக்கொண்டிருந்தது. கேபிள் போவதும் வருவதுமாக இருந்தது. சாமை விதைக்கும் கரியனின் மகள் கவியா காலை ஒன்பதுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பூட்ட அன்று மாலை ஐந்து மணியோடு கெடு. அவளுடைய பட்டன் போனுக்கு ஓடிபி வரும், உள்ளே நுழைவாள், நாலு கல்லூரி குறிப்பாள். லைன் மாறும். இணையப் பக்கம் அவளை வெளியே தள்ளிவிடும். மறுபடி முதலிலிருந்து.

ஜெயசுதா துடைத்தபடியே கவனித்தாள். சின்னதில் நிதானமாக ஓடுகிறது. பெரியதில் பச்சை எரிந்ததுமே வேலை அதற்குப் போய்விடுகிறது. பச்சை எரிந்தும் இரண்டு நிமிடத்துக்கு அதில் ஒன்றும் வருவதில்லை. வருவதற்குள் மறுபடி செத்துப்போகிறது. சொல்ல வாயெடுத்தாள். மையத்தை நடத்தும் இளமாறன் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பன்னிரண்டரை பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கே போய்ப் பார்க்கிறேன் என்று கவியா எழுந்தாள்.

"எங்கம்மா போற? இதோ வந்துடும், குந்து," என்றான் இளமாறன். பஸ் போயிற்று; அடுத்தது மாலையில்தான்.

நாலே முக்காலுக்குத்தான் ஜெயசுதா சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சார், பெரிய பெட்டி முழுசா முழிக்கறதுக்கு முன்னாடியே வேலைய வாங்கிக்கிது. சின்னத்த செய்ய வுட மாட்டேங்குது."

"நீ எப்பக்கா இஞ்சினீரு ஆன?" என்று சிரித்த இளமாறன், சுவரைப் பார்த்தான்; பெரியதில் பச்சை, கவியாவின் திரையில் ஒன்றுமில்லை. சிரிப்பு நின்றது. தங்கதுரையைப் போனில் பிடித்தான்.

தங்கதுரை விவரத்தைக் கேட்டுக்கொண்டான். "கரெக்டுதாங்க. திரும்ப வாங்கறதுக்கு மூணு நிமிசமாவது காக்க வெச்சிருக்கணும். நான் அத்த வெக்கல. பாஸ்வேர்டு இப்ப என்கிட்ட இல்ல, ஆபீஸ்ல கேக்கணும்."

"பெருசோட ஒயர புடுங்கிடட்டா?"

"கைய வெக்காதீங்க. எனக்குத்தான் மெமோ வரும். இருங்க, கேட்டுச் சொல்றேன்."

நாலு ஐம்பத்தெட்டு வரை பதில் இல்லை. இளமாறன் ஒயரைப் பிடுங்கினான். பக்கம் ஆடாமல் அசையாமல் திறந்தது. ஓடிபி வந்தது. கவியா உள்ளே போனபோது மணி ஐந்து ஒன்று. நேரம் முடிந்தது என்று திரையில் இருந்தது. அதன்பிறகு லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை.

கவியா அழவில்லை. சான்றிதழ்களை அடுக்கிக் கவரில் போட்டாள்.

"அக்கா, நீ இத்த எப்ப பாத்த?"

ஜெயசுதாவுக்குப் பொய் வரவில்லை. "பத்து மணி இருக்கும்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

வாசலில் ஷேர் ஜீப் வந்து நின்றது. கரியன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"முடிஞ்சிதா?" என்று கவியாவையும் ஜெயசுதாவையும் பார்த்துக் கேட்டார்.