செல்வியின் படகு

அனிமேஷன் வேலைக்காகக் கணினித் திரையில் ஒரு சிறுமி தலை திரும்புவதைப் படம் படமாக வரைந்துகொண்டிருந்தேன். பாதி திரும்பும்போது தலை தாழ்ந்து கண் மூட வேண்டும். அதை வரைந்ததும் கை நின்றுவிட்டது.

சுனாமிக்கு மறுவருடம், எட்டாவது படித்தபோது, சிதம்பரத்தில் ஓவியப் போட்டி. மாமா மகள் செல்வி வரைந்து வைத்திருந்த படகை அவளுக்குத் தெரியாமல் என் பெயரில் கொடுத்தேன். முதல் பரிசு கிடைத்தது.

மேடையில் நடுவர், "நீயே வரைஞ்சதாம்மா?" என்றார்.

முன்வரிசையில் செல்வி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து முகத்தைத் திருப்பி, "ஆமா சார்" என்றேன்.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் கோப்பையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.

"கனமா இருக்காக்கா? நான் வெச்சிக்கட்டுமா?" என்றாள் செல்வி.

இப்போதும் அவள் வீடியோவில் அழைத்தால், கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறேன்.