டச்சு நாற்காலியின் அடியில் ஒரு பிள்ளையார் சுழி

எங்கள் மகள் தாரிணிக்குப் படிப்பு நாற்காலி வாங்கத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பயணம். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஜூபிலி ஹில்ஸ் வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிப்பவர்கள் சனிக்கிழமை பேகம்பேட்டையில் சிக்னலுக்கு நின்று பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

என் கணவருக்கு சனத்நகரில் குழாய் வளைக்கும் பட்டறை. கோயம்புத்தூரிலிருந்து வந்து பதினாறு வருடம் ஆகிறது. "நானே ஒண்ணு பண்ணித் தர்றேன் கண்ணு" என்று மகளிடம் ஆசையாகச் சொன்னார். அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சனத்நகர் குர்ச்சி நாகு வத்து நான்னா" என்றாள். இங்கே படிக்கிற பிள்ளை, பதிலெல்லாம் தெலுங்கில்தான். சனத்நகர் நாற்காலி அவளுக்கு வேண்டாமாம். தோழி வீட்டில் இருக்கிற டச்சு டிசைன்தான் வேண்டுமாம். எனக்குத்தான் சுருக்கென்றது.

பத்து பத்துக்கு வாடகைக் கார் ஏறினோம். நாற்காலி வாங்கப் போகிறோம் என்றதும் டிரைவர், "கைக்கு மேடம் இத்தா தூர்? நாம்பள்ளி மே மில்தா நா" என்றார். நாம்பள்ளியிலேயே கிடைக்குமே என்கிறார், நியாயம்தானே. என் கணவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். பதினொன்று இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐந்நூற்று நாற்பது ரூபாய்.

கடை இரண்டு மாடி. செதுக்கல், பூவேலை எதுவும் கிடையாது. கோடு நேராக, நிறம் பளிச்சென்று. மேசை விளக்கு 3,200, மண்ஜாடி 1,850. தாரிணி கேட்ட நாற்காலி, வளைத்த குழாய்ச் சட்டத்தில் பிளைவுட் இருக்கை, 28,500. விலைச் சீட்டை இரண்டு தடவை படித்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். கல்யாண மண்டபமானாலும் சரி, நாற்காலியைக் கண்டால் கவிழ்த்து வெல்டிங் பார்க்காமல் உட்கார மாட்டார். "வத்து நான்னா, அந்தரூ சூஸ்துன்னாரு" என்று மகள் கெஞ்சினாள், எல்லாரும் பார்க்கிறார்களாம். அதற்குள் கவிழ்த்துவிட்டார். கவிழ்த்தவர் அப்படியே நின்றார்.

விற்பனைப் பெண் ஓடி வந்தாள். அடியில் இருந்த சின்னக் குறியைக் காட்டி, "அதி டிசைனர் சைன் சார். ஒரிஜினல்கி அதே ப்ரூஃப்" என்றாள். டிசைனரின் கையெழுத்தாம், அசல் என்பதற்கு அதுதான் சாட்சியாம்.

குனிந்து பார்த்தேன். பெயிண்டுக்கு அடியிலிருந்து லேசாக எழும்பித் தெரிந்தது. உ.

ஒரு பெரிய கம்பெனி வரைபடம் கொடுக்கும். இவர் சட்டம் மட்டும் செய்து அனுப்புவார். அது எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. சோதித்துப் பார்த்ததற்கு அடையாளமாக அடியில் ஒரு குறி அடிக்க வேண்டும். மற்ற பட்டறைகள் எண் அடிக்கும். இவர் பிள்ளையார் சுழிக்கென்றே ஒரு அச்சு வைத்திருக்கிறார்.

"ஏனம்மிணி, இது நம்ம உருப்படிங்க" என்றார் என்னிடம், மெதுவாக, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி.

தாரிணி உட்கார்ந்து அந்தக் குறியை விரலால் தடவினாள். அவளுடைய ஒவ்வொரு புது நோட்டிலும் அவர் போடுகிற சுழி, அவள் லேபிள் ஒட்டி மறைக்கிற சுழி. எழுந்து, கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "அக்கா, அதி சைன் காது. மா நான்ன வேசாரு." கையெழுத்து இல்லை, எங்கப்பா போட்டது.

அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

நாற்காலி வாங்கவில்லை. அதே மாதிரி வீட்டில் செய்துகொள்ளலாமே என்றேன். "அது அவங்க வரைபடம், தொடக் கூடாது" என்றார் கறாராக. விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

போகிறவர்களுக்கு: வார நாளில், கடை திறக்கும் பதினொரு மணிக்கே போங்கள். அறையின் அளவைக் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் கொண்டுவந்து இறக்க 900 தனி. பிடித்த நாற்காலியை வெட்கப்படாமல் கவிழ்த்துப் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை தாரிணி முதல்முறையாகப் பட்டறைக்கு வந்தாள். அவளுக்கென்று புதிதாக வரைந்து, அவரே வளைத்த சட்டம் தயாராக இருந்தது. வழக்கம்போல அடியில் குறி அடிக்கக் கவிழ்த்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழிலேயே சொன்னாள்.

"அடியில வேண்டாம்ப்பா. மேல போடுங்க, வர்றவங்களுக்குத் தெரியட்டும்."