விலை குறைக்கத் தனி விலை

வயரிங் வேலைக்கு எஸ்டிமேட் போடுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவன் டை கட்டியிருந்தான். திருச்சி வெயிலில் டை கட்டி அலைபவனிடம் எதையும் வாங்கக் கூடாது என்கிற ஞானம் அன்று எனக்கு இல்லை. ஸ்ரீரங்கத்தில் என் கடைக்குள், சுவிட்சுப் பெட்டிகளுக்கும் பைப் கட்டுகளுக்கும் நடுவே மடிக்கணினியைத் திறந்து ஒரு வீட்டின் வரைபடத்தைக் காட்டினான். இத்தனை லைட், இத்தனை ஃபேன், இவ்வளவு வயர், கூலி, லாபம், மொத்தம். கண் சிமிட்டுவதற்குள் வந்துவிட்டது. அதே கணக்கைப் போட எனக்கு நாலு டீயும் ஒரு சண்டையும் வேண்டும். சண்டை மனைவியோடு, கடைக் கணக்கு அவள் பொறுப்பு.

“ஒரே தடவைதான் சார் பணம். அப்புறம் செலவே கிடையாது.”

அந்தச் சமயத்தில்தான் சமயபுரத்தில் ஒருவர் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். வயரிங்குக்கு என்னிடமும் விலை கேட்டிருந்தார். அவ்வளவு பெரிய வேலை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. கிடைத்தால் என் ஆட்களுக்கு வருஷம் முழுக்கக் கவலையில்லை. அச்சடித்த எஸ்டிமேட்டை நீட்டினால் மனிதர் மயங்கிவிடுவார் என்று நினைத்து வாங்கினேன். ஆக, முதலில் மயங்கியவன் நான்.

“செலவே கிடையாது” என்பதற்கு அவர்கள் ஊரில் வேறு அர்த்தம். முதலில் என் கம்ப்யூட்டருக்கு மெமரி போதாது என்றார்கள், போட்டேன். பொருள்களின் விலைப்பட்டியல் காலியாக இருந்தது. அதற்குத் தனிச் சந்தா. கட்டியதும் வந்த விலைகள் எந்த தேசத்து விலைகளோ, பெரிய கடைவீதியில் சொன்னால் சிரிப்பார்கள். எல்லாவற்றையும் திரும்ப நானே அடித்தேன். கற்றுக்கொடுக்கச் சென்னையிலிருந்து வந்த ஆளுக்கு பஸ், ரூம், சாப்பாடு எல்லாம் என் தலையில். அவர் பாதி நாளை ரங்கநாதர் தரிசனத்தில் கழித்துவிட்டு மீதிப் பாதியில் என்னைப் பண்டிதனாக்கிவிட்டுப் போனார். சாஃப்ட்வேரின் அறைப் பட்டியலில் மதுபான அறை இருந்தது, பூஜை அறை இல்லை. சேர்க்கலாம், கட்டணம் உண்டு.

“இதை வாங்கினீங்களா, இல்ல மாப்பிள்ளையா எடுத்தீங்களா?” என்றாள் மனைவி. “ஆடிக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருக்கு.”

எங்கள் தொழிலில் முதலில் சொல்லும் விலையை யாரும் கொடுப்பதில்லை; சொல்கிறவனும் எதிர்பார்ப்பதில்லை. குறைப்பதற்கென்றே கொஞ்சம் ஏற்றிச் சொல்வோம். அவர்கள் அடித்துப் பேசுவார்கள், நாங்கள் கட்டுப்படியாகாது என்று முனகுவோம், பிறகு இரு தரப்புக்கும் திருப்தி. லாட்ஜ் எஸ்டிமேட்டில் நான் அப்படி ஏற்றவில்லை. கடைசிப் பைசா வரை கச்சிதமாக வந்து நின்ற தொகையில் கை வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

லாட்ஜ்காரருக்குத் தொட்டியத்தில் வாழைத்தோட்டம். என் அழகான தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

“எவ்வளவு குறைப்பீங்க?”

“இது கம்ப்யூட்டர் போட்டதுங்க.”

“நல்லது. அது எவ்வளவு குறைக்கும்?”

மடிக்கணினியைத் திறந்தேன். தள்ளுபடி என்று ஒரு கட்டம் இருந்தது. தட்டினால் பூட்டுப் படம் வந்தது. டைக்காரனுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டது என் சொந்த மடத்தனம், அதற்கு மட்டும் யாரும் காசு கேட்கவில்லை.

“சார், டிஸ்கவுண்ட் உங்க பிளான்ல வராது. அடுத்த பிளானுக்கு மாறிட்டீங்கன்னா ஓப்பன் ஆயிடும். இப்பவே போன்லயே கட்டிடுறீங்களா?”

லாட்ஜ்காரர் போனைக் காட்டிக் கேட்டார்.

“எனக்குக் குறைக்கிறதுக்கு நீங்க அவனுக்குக் கட்டணுமா?”

“அப்படித்தாங்க போலிருக்கு.”

“நானும் வியாபாரிதாங்க. தாருக்கு மேல ஒரு சீப்பு சேர்த்துக் குடுக்க யாருகிட்டயும் பர்மிஷன் வாங்கினதில்ல.” எழுந்து வந்து மடிக்கணினியை அவரே மூடினார். “இப்ப நீங்க சொல்லுங்க. லால்குடிக்காரரு வெளியில உட்கார்ந்திருக்காரு.”

வாயாலேயே குறைக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டிக்காரர் வெளியே இருக்கிற பதற்றத்தில், வழக்கமாகக் குறைப்பதை வாய் தானாகவே குறைத்தது. அவர் ஒரு முறை அடித்தார், நான் மரியாதைக்கு முனகினேன், முடிந்தது. வேலை எனக்குத்தான்.

திரும்பி வரும் பஸ், கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போதுதான் விளங்கியது. ஏற்றாத விலையிலிருந்து நான் இறக்கியிருக்கிறேன். போனது பேரத்துக்கு வைத்த பணம் இல்லை, என் லாபம்.

“வேலை கிடைச்சுதா?” என்றாள் மனைவி.

“கிடைச்சுது.”

“நமக்கு என்ன நிக்கும்?”

“நல்ல பேரு.”

“அத எந்த பேங்க்ல போடணும்?”

இப்போது வேலை நடக்கிறது. லாட்ஜ்காரர் நல்ல மனிதர், செய்நன்றி மறக்காதவர். போன வாரம் பக்கத்து மனையில் மண்டபம் கட்டுகிறவரை அழைத்துவந்து, என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

“யோசிக்காம இவருகிட்டயே குடுங்க. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, அதுக்கும் கீழ செஞ்சு குடுக்கறவரு.”

மண்டபக்காரர் முகம் மலர்ந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.