சொலோன் காட்டுக்கு எந்தத் துவக்கு?

சனிக்கிழமை, காலை ஏழு மணி

லா சப்பல் நிலையத்தில் மெற்றோ தரைக்குக் கீழே ஓடுவதில்லை. தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்களின் மீது ஓடுகிறது. பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு படியேறும்போதே வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது.

"பூட்டிப்போட்டுத்தான் வந்தனீர். நான் இழுத்துப் பாத்தனான்," என்றார் என் கணவர் அன்ரன், நான் கேட்காமலே.

பாரிசுக்கு வந்து எங்களுக்கு அது மூன்றாவது இலையுதிர்காலம். மகள் டிலானிக்கு ஒன்றரை வயது. லா சப்பலில் ஒற்றை அறை வீடு. மெற்றோ போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கும். அந்த வீட்டை விட்டு நாங்கள் ஓர் இரவு வெளியே தங்கப் போவது அதுதான் முதல் தடவை. போன இடம் சொலோன். பாரிசுக்குத் தெற்கே, நூற்றி அறுபது கிலோமீற்றர் தூரத்தில், குளங்களும் காடுமாகக் கிடக்கும் பிரதேசம். போன காரியம் காட்டுப்பன்றி வேட்டை.

இவர் வேலை செய்த உணவகத்தின் முதலாளி மொறிஸ் ஒரு வேட்டைக்காரர். முந்தின குளிர்காலத்தில் அவர் சுட்ட பன்றி ஒன்று விழாமல் திரும்பி வந்து அவருடைய நாயைக் கிழித்துக் கொன்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் துவக்கை அவர் தொடவில்லை. வேறு வாங்க வேண்டும், எந்த அளவில் வாங்குவது என்று சமையலறையில் நெடுகப் புலம்பியிருக்கிறார். இவர் சும்மா இருக்காமல், "என்ர மாமனார் மன்னார்க் காட்டிலை மரையும் பன்றியும் சுட்டவர். என்ர மனுசிக்குத் துவக்கெல்லாம் தண்ணிபட்ட பாடு," என்று சொல்லிவிட்டார். நான் செய்ததெல்லாம் அப்பாவின் துவக்குக் குழலுக்கு எண்ணெய்த் துணி விட்டதும், அவருடைய இடுப்புப் பட்டியில் தோட்டா அடுக்கியதும், இரண்டு மூன்று முறை அடம்பிடித்துக் கூடப் போனதும்தான். ஆனால் மொறிஸ் எங்கள் மூன்று பேரையும் வரச் சொல்லிவிட்டார். காடு கலைக்க வருகிறேன் என்று இவரும் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

காடு கலைப்பது என்றால், சத்தம் போட்டுக்கொண்டு பற்றைகளுக்குள் நடந்து, பன்றிகளைச் சுடுகிறவர்கள் நிற்கும் பக்கம் துரத்துவது. என் நிம்மதி அன்றோடு போயிற்று. காயப்பட்ட பன்றி சுட்டவனைத் தேடிப் போகாது. எதிரில் வருகிறவன்மேல்தான் பாயும். அப்படித் தொடை பிளந்த ஒருவரை எங்கள் முற்றத்தில் கிடத்தியிருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மொறிஸ் என்ன துவக்கு வாங்கினாலும் அது ஒரே வெடியில் பன்றியை விழுத்த வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

என்னால் செய்யக்கூடியதைச் செய்தேன். மெற்றோப் பாலத்தின் கீழ்ச் சந்தையில் அறுபது பிராங்குக்கு இவருக்கு ஒரு பழுப்புக் கம்பளிக் கோட்டும் அதே நிறத்தில் தொப்பியும் வாங்கினேன். அப்பாவும் அவருடைய ஆட்களும் மங்கல் நிறம் தவிர வேறொன்றும் உடுத்திக்கொண்டு காட்டுக்குள் போனதில்லை. இவருடைய நீல அனோராக் குளிர்ச்சட்டையை நான்தான் வேண்டாம் என்று வீட்டில் விட்டுவிட்டு வரச் செய்தேன். பைக்குள் பிள்ளையின் மருந்துகள், பால்மா, கடைசியாக ஏணைச் சேலை. செம்மஞ்சள் நைலெக்ஸ், ஊரிலிருந்து உடுத்தி வந்தது. அதில் கட்டிய ஏணையில் அல்லாமல் டிலானி படுக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை அரிசி வாங்கப் போனபோது கடைக்கார அண்ணை விடவில்லை.

"தங்கச்சி, பன்றியிலை ஒரு காலை எங்களுக்கும் கொண்டு வாரும்."

"முதல் இவர் தன்ரை ரெண்டு காலோடை திரும்பி வரட்டும் அண்ணை," என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பகல் பதினொரு மணி

ஸ்ராலின்கிராட்டில் மெற்றோ மாறி ஒஸ்ரலிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினோம். இருவருக்கும் போய்வர முந்நூறு பிராங்குக்குக் கொஞ்சம் மேலே. பிள்ளைக்கு ரிக்கற் இல்லை. ஓர்லியன் தாண்டியதும் வயல்கள் முடிந்து காடு தொடங்கியது. காட்டின் அடியில் ஆளுயரப் பன்னச் செடிகள் காய்ந்து துருப்பிடித்த நிறத்தில் நின்றன. எதிரே, கூடைக்குள் நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு இருந்த ஓர் அம்மா எங்கே போகிறோம் என்று கேட்டார். வேட்டைக்கு என்று சொன்னதும் என் கம்பளிச் சட்டையையும் பொட்டையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, "காளான் பொறுக்குவதற்கும் இது நல்ல மாதம்," என்றார்.

லாமொத்-பெவ்ரோன் நிலையத்தில் மொறிஸ் நாய் மணக்கும் வான் வண்டியோடு காத்திருந்தார். வீட்டுக்குப் போகவில்லை; நேரே துவக்குக் கடைக்குத்தான் கூட்டிப்போனார்.

அந்தக் கடையின் மணத்தை எப்படிச் சொல்வது! எண்ணெயும் தேக்கு மெழுகும் பழைய தோலும் கலந்த மணம். வாசலில் கால் வைத்ததும் ஊரில் எங்கள் வீட்டு நடு அறையில் நிற்பதுபோல் இருந்தது. நாட்டில் சண்டை தொடங்கி, அனுமதியுள்ள துவக்குகளையும் அரசாங்கம் ஒப்படைக்கச் சொன்னபோது அப்பா தன்னுடையதை ஒரு முறை துடைத்து, சாக்கில் சுற்றி, பொலிசில் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். அந்த மணம் அந்த அறையில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது.

கடைக்காரர் மேசையில் இரண்டு றைபிள்களை வைத்தார். ஒன்று ஏழு – அறுபத்துநாலு. மற்றது ஒன்பது தசம் மூன்று – அறுபத்திரண்டு. முதல் எண் குண்டின் பருமன், இரண்டாவது தோட்டாக் கோதின் நீளம், இரண்டும் மில்லிமீற்றரில். ஏழு வேகமாக, நேராக, தூரத்துக்குப் போகும். தோளிலும் அதிகம் உதைக்காது. ஒன்பது பாரமான குண்டு, மெதுவாகப் போகும், ஆனால் பட்ட இடத்தில் நிறுத்திவிடும் என்றார். நாயை இழந்த நாளில் மொறிஸ் வைத்திருந்ததும் ஏழுதான்.

"ராணுவம் பாவிக்கும் அளவுகள் இங்கே வேட்டைக்குக் கிடையாது, சட்டம் அப்படி," என்று கடைக்காரர் போகிற போக்கில் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தேன்.

"உங்கள் அப்பா என்ன வைத்திருந்தார், மதாம்?" என்று மொறிஸ் கேட்டார்.

"பன்னிரண்டு போர்த் துவக்கு. பன்றிக்குப் பெரிய உண்டைத் தோட்டா. ஆனால் கிட்டத்தில் நின்றுதான் சுடுவார்," என்றேன். என் பிரெஞ்சு வியர்த்தது. "நீங்கள் எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள்?"

"முப்பது மீற்றர். நாற்பது."

"பன்றி நிற்குமா, ஓடுமா?"

"ஓடும்."

"அப்படியென்றால் தூரம் போகிற குண்டு எதற்கு? பாரமானதை எடுங்கள்."

கடைக்காரர் தலையாட்டினார். "மதாம் சொல்வது சரி. இது ஒரு பன்றியைத் துளைத்து வெளியே போன பிறகும் இன்னும் பலம் வைத்திருக்கும்."

அந்த வார்த்தை அப்போது எனக்குத் தேன்போல இருந்தது. மொறிஸ் தோளில் வைத்துப் பார்த்தார், இறக்கினார், மறுபடி வைத்தார். நாலாயிரத்து இருநூறு பிராங். இவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட. மொறிஸ் காசை எண்ணி வைத்ததும் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. பிழையாகச் சொல்லிவிட்டேனோ? ஏழு போதுமோ? வண்டியில் ஏறிய பிறகும் இவரிடம் இரண்டு முறை கேட்டேன்.

"இஞ்சரும், வாங்கியாச்சு. இனி உம்மடை அப்பா வந்து சொன்னாலும் கடைக்காரன் திருப்பி எடுக்கான்," என்றார்.

மாலை ஐந்து மணி

மொறிஸ் வீட்டு உத்தரத்தில் பன்றித் தொடை தொங்கவிடும் கொக்கிகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் ஏணை கட்டினேன். மொறிசின் மனைவி சூப் கிண்டிய கரண்டியோடு வந்து, சேலைக்குள் பிள்ளை தானாக உருண்டையாகிப் போவதைப் பார்த்து வாய் பிளந்து நின்றார். வீட்டின் பின்னால் மொறிஸ் புதுத் துவக்கைச் சுட்டுப் பார்த்தார். யன்னல் அதிர்ந்தது. மெற்றோவுக்குப் பழகிய பிள்ளை அசையவேயில்லை. மொறிஸ் தோளைத் தடவிக்கொண்டு, சந்தோஷமாக உள்ளே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி

வீட்டுக்கு எதிரே காட்டோரத்தில் எல்லோரும் வட்டமாகக் கூடினார்கள். வேட்டைத் தலைவர் விதிகளைச் சொன்னார். சுடுகிறவர்கள் பாதையோரம் வரிசையாக நிற்க வேண்டும். பன்றி பாதையைக் கடந்து அப்பால் போன பிறகுதான் சுட வேண்டும். கலைக்கிறவர்கள் வரும் பக்கம் குழலைத் திருப்பவே கூடாது. மொறிசும் தலையாட்டினார். ஆனால் நாயின் கோபம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

அப்போதுதான் மற்றக் கலைக்கிறவர்களைப் பார்த்தேன். ஒருவர் மஞ்சள் மழைச்சட்டை, ஒருவர் சிவப்புத் தொப்பி, ஒருவர் வெள்ளைக் கம்பளி. எல்லோர் கையிலும் ஊதுகொம்பு. எங்கள் ஊரில் பன்றிக்குத் தெரியக் கூடாது என்று உடுத்துவோம். இங்கே மனிதனுக்குத் தெரிய வேண்டும் என்று உடுத்தியிருந்தார்கள். இவர் கொம்பை ஊதிப் பார்க்கலாம் என்று பன்னங்களுக்குள் நாலடி வைத்தார். வைத்ததும் எனக்கு ஆளைக் காணவில்லை. துருநிறப் பன்னம், பழுப்புக் கோட்டு, பழுப்புத் தொப்பி. நான் தேடி வாங்கிய, பன்றியின் அதே நிறம்.

துளைத்து வெளியே போன பிறகும் இன்னும் பலம் வைத்திருக்கும். அதே வார்த்தை. இப்போது அதில் பன்றிக்குப் பின்னால் வருகிற இவர் தெரிந்தார்.

வீட்டுக்குள் ஓடினேன். பிள்ளையைத் தூக்கி மொறிசின் மனைவியின் கையில் கொடுத்து, ஏணையை அவிழ்த்தேன். கரையைப் பல்லால் கடித்துவிட்டு இழுத்தேன். நைலெக்ஸ் எளிதில் கிழியாது, அன்று கிழிந்தது. ஒரு பாதியோடு திரும்பி ஓடி இவருடைய தலையிலும் மார்பிலும் சுற்றினேன்.

"என்னப்பா இது? சனம் சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"ஏணையைக் கிழிச்சுப்போட்டீரே. பிள்ளை என்னெண்டு படுக்கும்?"

"தேப்பன் திரும்பி வந்தால் பிள்ளை படுக்கும். ஆடாமல் நில்லுங்கோ."

ஒருவர் "மகாராஜா!" என்று கத்தினார். இன்னொருவர் குனிந்து வணங்கினார். இவர் காது சிவக்கக் காட்டுக்குள் போனார். மரங்களுக்கிடையே அந்தச் செம்மஞ்சள் சிறுத்து, சிறுத்து, ஒரு புள்ளியாகி மறைந்தது.

பகல் ஒரு மணி

சமையலறையில் நான் உருளைக்கிழங்கு உரித்தேன். டிலானி ஏணை இருந்த கொக்கியைக் காட்டிக் காட்டி அழுதாள். வெடிச் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கத்தி என் கையில் நின்றது. இது ஒன்பதா, ஏழா என்று காது கொடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

யன்னலில் முதலில் தெரிந்தது நிறம்தான். ஆள் பிறகுதான் தெரிந்தார். நாய்களோடு, சேறு பூசிக்கொண்டு, கொம்பை ஊதிக்கொண்டு வந்தார்.

மற்றவர்கள் இரண்டு பன்றிகள் சுட்டிருந்தார்கள். மொறிஸ் ஒன்றும் சுடவில்லை. மேசையில் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்தார்கள். பாண் வெட்டும்போது மொறிஸ் என்னிடம் மட்டும் சொன்னார்:

"பெரிய ஆண் பன்றி, மதாம். பாதையைக் கடக்காமல் நின்றது. எனக்கு நாயின் நினைவு வந்தது. துவக்கைத் தூக்கிவிட்டேன். பன்றிக்குப் பின்னால் கொஞ்சம் செம்மஞ்சள் தெரிந்தது." பாணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இறக்கிவிட்டேன்."

இவர் மேசையின் மறுமுனையில் மகாராஜாவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பன்றியைக் கண்ணால்கூடக் காணவில்லை என்று நிலையத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் குறைப்பட்டார். நான் ரயிலில்தான் விசயத்தைச் சொன்னேன். அவர் பைக்குள்ளிருந்து அந்தச் சேலைப் பாதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவின் ஊரைப் போலவே இங்கும் கலைத்தவனுக்குப் பங்கு உண்டு. எங்கள் காலடியில் செய்தித்தாளில் சுற்றிய பன்றித் தொடை கிடந்தது. திங்கட்கிழமை அதில் பாதியைக் கடைக்கார அண்ணைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இவருடைய இரண்டு கால்களையும் எண்ணிப் பார்த்துத்தான் கூட்டி வந்ததாகச் சொன்னேன்.

அந்த ஒற்றை அறையும் கோப்பைகளின் நடுக்கமும் இப்போது இல்லை. பாரிசுக்கு வெளியே, பியர்ஃபித்தில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். இங்கே இரவுகள் அமைதியானவை. சில வேளை மெற்றோச் சத்தம் இல்லாமல் எனக்கு நித்திரை வருவதில்லை. மொறிஸ் அதே துவக்கைத்தான் வைத்திருக்கிறார். நவம்பர் வந்தால் கூப்பிடுவார்.

சேலையின் இரண்டு பாதிகளையும் நான் அன்றே சேர்த்துத் தைத்தேன். சேற்றுக் கறை போகவில்லை. இப்போது அதில் எங்கள் இரண்டாவது பிள்ளை படுக்கிறான். தையல் அவனுடைய முதுகுக்கு நேரே வருகிறது. ஒவ்வொரு மாலையும் அவனைக் கிடத்துவதற்கு முன் நான் ஏணையருகில் கொஞ்சம் தயங்கி நிற்பேன்.

"நான் இழுத்துப் பாத்தனான், பிரியாது," என்பார் இவர், நான் கேட்காமலே.

நானும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிடத்துகிறேன்.