ஐந்து ஆட்டத் தடைக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். கோவில்பத்து கடைசித் தெரு வரை நடை, பால், குளியல், மூன்று இட்லி. 8.40-க்கு பைக்கை எடுத்து 8.55-க்கு அலுவலகம். பதினொரு கோப்புகள் பார்த்தேன். மாலை 6.05-க்கு வீடு திரும்பியபோது வாசலில் மைத்துனனின் செருப்பு கிடந்தது.

அவன் என் மனைவியின் தம்பி. காரைக்கால் கடற்கரையில் ஒரு மீனவ கிராமத்தில் பிறந்தவன். இப்போது கபடி லீக்கில் ஆடுகிறான். வயது முப்பத்திரண்டு. நடுவரைத் தள்ளியதாக லீக் அவனுக்கு ஐந்து ஆட்டங்கள் தடை விதித்திருந்தது. ஐந்தும் போனால் சீசனே போன மாதிரி. அடுத்த ஆண்டு எந்த அணியும் எடுக்காது. மேல்முறையீடு மறுநாள் நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். காலையில் அவன் அனுப்பிய வீடியோவில் முதுகுதான் தெரிந்தது, கை தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டு, கை படவே இல்லை என்று மதிய இடைவேளையில் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"அழகாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள் மனைவி, மீனைத் திருப்பிப் போட்டபடி. பிறகு தம்பியிடம், "ஏண்டா, தள்ளுனியா?"

"வீடியோவுல தெரியலல்லக்கா."

"வீடியோவக் கேக்கல. ஒன்னத்தான் கேக்குறேன்."

"தள்ளுனேன். கோவம்."

"அப்ப மாமா எழுதுனது யாரப் பத்தி?"

"நீ என்ன, அம்பயர் கட்சியா?"

"போடா. அப்பாவ பத்து நாளு கடலுக்குப் போவக்கூடாதுன்னு ஊர்ல நிறுத்துனப்ப, அவரு என்ன பண்ணாரு?"

வயல் பக்கத்துக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அவள்தான் விளக்கினாள். அவர்கள் ஊரில் தடை வாங்கியவர் முதலில் கூட்டத்தில் எழுந்து, செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டுமாம். அதன்பிறகுதான் நாளைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

"லீக்ல அதெல்லாம் எடுபடாதுக்கா. ஒத்துக்கிட்டா ஏழாக்கிடுவானுவோ."

"ஆக்கட்டும். கேக்குறத நிமிந்து கேளு."

மீன் ஆறும்வரை அவன் தட்டைத் தொடவில்லை. பிறகு, "மாமா, வேற எழுதித் தர்றீங்களா?" என்றான்.

இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். புதிய கடிதம் ஆறே வரி. தள்ளினேன், தவறு, நடுவரிடம் மன்னிப்பு கேட்கிறேன். இத்தனை ஆண்டுகளில் இதுதான் முதல் முறை. தடையைக் குறைக்க வேண்டுகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகளாகக் கடிதம் எழுதியே சம்பளம் வாங்கும் எனக்கு, தள்ளினாயா என்று அவனைக் கேட்கத் தோன்றவில்லை. என் பொய் அவன் கையெழுத்தோடு போயிருக்கும். அதைத் தடுத்த அவளுக்கு நான் நன்றியுள்ளவன். ஒரு சொல் குறை சொல்லாமல் என்னையே மறுபடி எழுதச் சொன்ன அவனுக்கும்தான். தடை ஐந்திலிருந்து மூன்றானது ஒரு வாரம் கழித்து. எனக்குள் நன்றி, கடிதம் எழுதிய அன்று மாலையே வந்துவிட்டது.

மறுநாள் காலை 5.10-க்கு எழுந்தேன். அவன் கூடத்தில் விழித்து உட்கார்ந்திருந்தான். முதல் வேலையாக ஆறு வரியையும் மின்னஞ்சலில் அடித்து, சரிபார்த்து அவனிடம் போனைக் கொடுத்தேன். அனுப்பும் பொத்தானை அவனே அழுத்தினான்.